பியர்சிங் செய்துகொள்வதற்கு முன்னும் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதோ மூக்கோ புருவமோ தொப்புளோ, எங்கே குத்திக்கொள்ள நினைத்தாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வலிக்குமா, எவ்வளவு ஆகும், சீழ் பிடிக்குமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது. எப்போது அவரிடம் ஓட வேண்டும் என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதல் தடவை குத்திக்கப் போறேன். எந்த இடம் சுலபம்?

காதுச் சோணை, அதாவது காதின் அடியில் மெத்தென்று இருக்கும் சதைப்பகுதி. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, குருத்தெலும்பு கிடையாது. சீக்கிரம் ஆறும், பிரச்சினை வந்தாலும் பெரும்பாலும் எளிதில் அடங்கும். அதே காதில் இரண்டு விரல் மேலே போனால் கதையே வேறு. மேல் காது முழுக்கக் குருத்தெலும்பு. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லாததால் மெதுவாக ஆறும், கிருமி புகுந்தால் விரட்டுவதும் கடினம். ‘காதுதானே’ என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம்.

ரொம்ப வலிக்குமா?

ஊசி உள்ளே போகும் ஓரிரு நொடி சுருக்கென்று இருக்கும். அப்புறம் சில மணி நேரம் அந்த இடம் சூடாக, கனமாக இருப்பது போலத் தோன்றும். மூக்கில் குத்தும்போது கண்ணில் தண்ணீர் வருவது அனிச்சையாக நடப்பது, அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் வருகிறவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள்தான். பயமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, படுத்தபடி குத்திக்கொள்ளுங்கள்.

மரத்துப்போகும் க்ரீம் தடவிக்கொண்டு போகலாமா என்றும் கேட்கிறார்கள். தோலின் மேல்பகுதியைத்தான் அது மரக்கச் செய்யும். தோல் கொஞ்சம் உப்பிப்போனால், போட்ட குறி இடம் மாறிவிடும். சிலருக்கு க்ரீமே ஒத்துக்கொள்ளாது. குத்துபவரைக் கேட்காமல் நீங்களாகத் தடவிக்கொண்டு போக வேண்டாம்.

ஆறுவதற்கு எத்தனை நாள்?

சோணைக்கு 6 முதல் 8 வாரம். நாக்கு 4 முதல் 6 வாரம். புருவமும் உதடும் 2, 3 மாதம். மூக்கின் பக்கவாட்டுக்கு 4 முதல் 6 மாதம். மேல் காது, தொப்புள், மார்புக் காம்பு ஆகியவற்றுக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. துளை இரண்டு ஓரங்களிலிருந்து உள்நோக்கி ஆறும். வெளியே தோல் மூடி, சிவப்பு போய், வலியும் நின்றிருக்கும். நடுவில் இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். ‘ஆறிடுச்சு’ என்று நகையை மாற்றிய மறுநாளே வீங்கி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கன் ஷாட்டா, ஊசியா? ரெண்டும் துளைதானே போடுது?

துளை போடும் விதம்தான் வேறுபடுகிறது. பியர்சிங் ஊசி உள்ளே குழலாக, முனை சாய்வாக, கத்தி மாதிரி கூராக இருக்கும். சதையை வழவழவென்று அறுத்துக்கொண்டு போகும். கன் என்கிற துப்பாக்கி மாதிரியான கருவி அப்படி இல்லை. முனை மழுங்கிய தோட்டையே வேகமாக அழுத்திச் சதைக்குள் தள்ளுகிறது. சுற்றிலும் உள்ள சதை நசுங்கும். குருத்தெலும்பில் இப்படித் தள்ளினால் அது விரிசல் விடவும் கூடும். எனவே மேல் காதிலும் மூக்கிலும் கன் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சுத்தம். கன்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். ஆட்டோகிளேவ் என்ற, நீராவியால் கிருமி கொல்லும் இயந்திரத்தின் சூட்டில் வைத்தால் உருகிப்போகும் என்பதால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவர் காதில் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி ஒட்டியிருந்தால் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் கேசட் வகைக் கருவிகளில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் நசுக்கும் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

கன்னோடு வரும் தோட்டின் பின்பக்கத் திருகையும் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி மாதிரி சுருண்ட அந்த மடிப்புகளில் காய்ந்த கசிவும் முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யவே முடியாது. காது வீங்கினால் விட்டுக்கொடுக்க இடமும் இருக்காது.

இடம் சுத்தமா இருக்குன்னு எப்படி நம்புறது? எல்லாரும்தான் சுத்தம்னு சொல்றாங்க.

சொல்வதைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். கை கழுவிவிட்டுப் புதுக் கையுறை போடுகிறாரா? போட்ட பிறகு போனை எடுத்தாலோ, நாற்காலியை இழுத்தாலோ, தலைமுடியைக் கோதினாலோ அந்தக் கையுறையை மாற்றியாக வேண்டும். மாற்றவில்லை என்றால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம், அதில் தவறே இல்லை. ஊசி ஒட்டி மூடிய உறையில் இருக்க வேண்டும், உங்கள் கண்முன் அந்த உறையைக் கிழிக்க வேண்டும், வேலை முடிந்ததும் அது நேராகக் கூர்க்கழிவு டப்பாவுக்குள் போக வேண்டும்.

ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அழுத்தத்தில் அடைத்த நீராவியை 121 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடாக்கி, கிருமிகளின் வித்துகளையும் கொல்லும் இயந்திரம் அது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடுவதால் சில வித்துகள் தப்பிவிடும். ஸ்பிரிட்டில் ஊறவைப்பதும் இதற்கு ஈடாகாது. உறையின் மேல் ஒரு சின்னக் குறி நிறம் மாறியிருக்கும். அது உறை சூட்டைக் கண்டது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். இயந்திரம் உண்மையில் கொல்கிறதா என்று தெரிய வித்துப் பரிசோதனை செய்ய வேண்டும். சாகக் கடினமான கிருமி வித்துகளை உள்ளே வைத்து ஓட்டி, செத்ததா என்று பார்ப்பார்கள். ‘கடைசியாக எப்போது செய்தீர்கள், சீட்டு இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துபவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். முகம் சுளித்தால் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

சரி, மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறுவதால் ஒரு தொகை சொல்வதில் அர்த்தமில்லை. பணம் எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் சொல்லும் விலை நியாயமா என்று நீங்களே கணக்குப் போடலாம். முதலாவது குத்தும் கூலி. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, கையுறை, ஆட்டோகிளேவ் பராமரிப்பு எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது நகை. நல்ல இடங்களில் பெரும்பாலும் கூலியைவிட நகைக்குத்தான் அதிகம் ஆகும். மூன்றாவது, துளையைச் சுத்தம் செய்யும் சலைன் என்ற உப்புநீர். நான்காவது, சில வாரம் கழித்து மாற்றப்போகும் குட்டைத் தண்டு (தண்டு என்பது நகையில் துளைக்குள் இருக்கும் கம்பி; ஏன் மாற்ற வேண்டும் என்பது கீழே). இந்தக் கடைசி இரண்டையும் முதல் நாள் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

அதனால் போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சொல்கிற விலையில் நகை சேர்ந்ததா? எந்த உலோகம்? பின்னால் தண்டு மாற்ற வந்தால் தண்டுக்கு மட்டும் பணமா, மாற்றும் கூலியும் உண்டா? ‘தோடு வாங்கினால் குத்துவது இலவசம்’ என்றால் அந்தத் தோட்டின் விலைக்குள்ளேயே குத்தும் கூலியும் இருக்கிறது. அப்படியும் மலிவாக இருந்தால் உலோகத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. முதல் நகையைத் தங்கத்தில் வாங்க வேண்டியதில்லை. கல்லும் பூவும் இல்லாத வெறும் டைட்டானியம் தண்டு போதும், அலங்காரத்தை ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு காதும் மூக்கும் சேர்த்து ஒரே நாளில் குத்தினால் கூலி குறையும் என்பார்கள். ஆனால் எல்லாமே ஒன்றாக வீங்கினால் எந்தப் பக்கம் படுப்பீர்கள்? கையுறையிலும் ஊசியிலும் மட்டும் பேரம் பேசாதீர்கள். மருத்துவரிடம் ஒரு முறை போனாலே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

தங்கம் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்களே?

எந்தத் தங்கம் என்பதைப் பொறுத்தது. 14 அல்லது 18 காரட்டில், நிக்கல் கலக்காத கெட்டித் தங்கம் என்றால் சரி. தங்க முலாம் பூசியது பச்சைக் காயத்துக்கு ஆகாது. முலாம் தேய்ந்ததும் அடியில் உள்ள உலோகம் சதையைத் தொடும். 22, 24 காரட் மென்மையானது. எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும்.

ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். உடலில் ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. துளையில் மாட்டும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது. உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம்தான் பாதுகாப்பான தேர்வு. ஏஎஸ்டிஎம் எஃப்136 அல்லது ஐஎஸ்ஓ 5832-3 என்ற குறியீட்டைக் கேளுங்கள். நயோபியம் என்ற உலோகமும் நல்லது. ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று மட்டும் சொன்னால் அது பெயர்தான், தரம் அல்ல. அதில் நிக்கலும் உண்டு. வெள்ளி நாளாக ஆகக் கறுக்கும், புதுத் துளையில் போட்டால் அந்தக் கறை தோலிலேயே தங்கிவிடலாம்.

முதல்ல போட்ட தண்டு ஏன் இவ்வளவு நீளம்? பார்க்கவே நல்லா இல்லை.

வீக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். குத்திய சில நாளில் சதை உப்பும். தண்டு குட்டையாக இருந்தால் நகை சதைக்குள் புதைந்துவிடும். வீக்கம் வடிந்த பிறகும் அதே நீளத் தண்டை விட்டுவைத்தால் அது வேறு பிரச்சினை. தலையணையிலும் துண்டிலும் மாட்டும், துளை சாய்ந்துபோகும், பக்கத்தில் புடைப்பு வரும். காதுக்கும் மூக்குக்கும் 4 முதல் 8 வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டைத் தண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கில் நான்காவதாகச் சொன்னது இதைத்தான்.

தினமும் என்ன செய்யணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

குறைவாகச் செய்யுங்கள். கை கழுவிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனைக் காலையும் மாலையும் முன்னும் பின்னும் படும்படி விடுங்கள். காய்ந்த பொருக்கு தானாக இளகினால் சுத்தமான காஸ் துணியால் மெல்ல எடுத்துவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுங்கள். நகத்தால் கிள்ள வேண்டாம். பஞ்சும் வேண்டாம், அதன் இழை தண்டில் சுற்றிக்கொள்ளும். வீட்டில் உப்பைக் கரைத்தால் அளவு தப்பிக் கரிப்பு கூடி, தோல் வறண்டு எரியும்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, எண்ணெய், ஆயின்ட்மென்ட் எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் புதிதாக வளரும் செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். பின் இரண்டும் துளையைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடும்.

மேல் காது குத்தியவர்களுக்கு ஒரு யோசனை. பயணத்தில் கழுத்துக்கு வைக்கும் வளையத் தலையணையில், காது நடு ஓட்டையில் வரும்படி தலை வைத்துப் படுங்கள். அந்தப் பக்கம் புரண்டாலும் காது நசுங்காது.

தோடு ஒட்டிக்காம இருக்க தினமும் திருப்பிவிடணுமாமே?

வேண்டாம். பழைய பழக்கம் அது. திருப்பும்போது காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டு, புதிதாக வளர்ந்த தோலைக் கிழிக்கும். பொருத்தமான தண்டு, சலைன் போட்டுவந்தால், சதையோடு ஒட்டிக்கொள்ளாது.

குளிக்கலாமா? நீச்சல்?

குளிக்கலாம். ஷாம்பூவும் சோப்பும் தங்காமல் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நீச்சல் குளம், ஆறு, ஏரி, கடல் எல்லாம் ஆறும் வரை வேண்டாம்.

மஞ்சளா ஏதோ கசிஞ்சு காய்ஞ்சிருக்கு. சீழா?

பெரும்பாலும் இல்லை. முதல் சில வாரம் வெளிர் மஞ்சளாக, நீர்த்தாற்போல் கசிவது நிணநீர். காய்ந்தால் தண்டைச் சுற்றி மொறுமொறுவென்று நிற்கும். அது ஆறுவதற்கான அடையாளம்தான். கெட்டியாக, பச்சையாகவோ அடர் மஞ்சளாகவோ, நாற்றத்தோடு வந்தால் சீழ். கூடவே வலி நாளுக்கு நாள் கூடும், சிவப்பு பரவும், தொட்டால் சூடாக இருக்கும்.

சீழ்தான். உடனே கழட்டிடவா?

நீங்களாகக் கழற்ற வேண்டாம். நகையை எடுத்தால் துளையின் வாய் மூடிக்கொண்டு, சீழ் உள்ளேயே அடைபட்டுக் கட்டியாகலாம். நகை இருந்தால் வடிய வழி இருக்கும். அப்படியே மருத்துவரிடம் போங்கள். எடுக்கத்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்தால் எடுப்பார். நகை சதைக்குள் புதைந்து காணாமல் போயிருந்தாலும் உடனே அவரிடம்தான்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்புக் கோடு பரவுவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும். மேல் காதில் சோணையை விட்டுவிட்டு மேல்பகுதி மட்டும் சிவந்து வீங்கி வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. அங்கே அடிக்கடி வருவது சூடோமோனாஸ் என்ற கிருமி, சாதாரணமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகள் அதற்குக் கேட்காது. குருத்தெலும்பு செத்தால் காது நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். காதில் துளை இருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள், வீக்கத்தில் அது மறைந்தே போயிருக்கலாம்.

துளைக்குப் பக்கத்தில சின்ன உருண்டை வந்திருக்கு. கெலாய்டு ஆயிடுச்சா?

பயந்து கேட்கிறவர்களில் பலருக்கு அது உராய்வால் வந்த புடைப்பு. துளையை ஒட்டி, சிறிதாக, சிவப்பாக, சில நேரம் ஈரமாக இருக்கும். காரணத்தை நீக்கினால் தானாக வடியும். நீளத் தண்டு, ஒவ்வாத உலோகம், அந்தப் பக்கமே படுப்பது, ஓயாமல் தொட்டுப் பார்ப்பது, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கெலாய்டு என்பது காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் கெட்டித் தழும்பு. பெரும்பாலும் மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், தானாக அடங்காது. வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரக்கூடும். தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு ஊசி முதலான சிகிச்சைகளைச் செய்கிறார்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஒரு காயம் அப்படித் தடித்திருந்தால் புதுத் துளை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

சர்க்கரை இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். குத்திக்கலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்து மருத்துவர் சரி என்றால் செய்துகொள்ளலாம். கட்டுக்குள் இல்லை என்றால் காயம் எளிதில் ஆறாது. இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வால்வில் கோளாறு இருப்பவருக்குச் சின்னத் துளை வழியாகப் புகும் கிருமியும் இதயத்தில் போய்த் தங்கலாம். குத்துவதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது துளையைவிட ஆபத்து. கர்ப்பமாக இருந்தால் பிரசவமும் பாலூட்டலும் முடியட்டும்.

யாராக இருந்தாலும் டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாக்கு சீக்கிரம் ஆறும்னீங்க. அப்ப அதுதானே நல்லது?

சீக்கிரம் ஆறும், உண்மைதான். ஆனால் முதல் வாரம் நன்றாக வீங்கும், பேச்சு குழறும், மென்மையாகவும் ஆறியதாகவும்தான் சாப்பிட முடியும். வீக்கம் மூச்சையோ விழுங்குவதையோ தடுத்தால் அவசரம். அதற்கப்புறம் வருவது பல் விவகாரம். உலோகக் குண்டு வருடக்கணக்கில் இடித்து இடித்துப் பல் விளிம்பு சிதறும், கீழ் ஈறு இறங்கும். இறங்கிய ஈறு தானாக மேலே வராது. குட்டைத் தண்டுக்கு மாற்றுவதும், வாயில் அதை வைத்து விளையாடாமல் இருப்பதும் சேதத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

ஸ்கேனுக்கு எல்லாத்தையும் கழட்டச் சொல்றாங்க. துளை மூடிட்டா?

எம்ஆர்ஐ என்றால் நகை இருப்பதை முன்பே சொல்லுங்கள். டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது. ஆனாலும் முடிவு ஸ்கேன் எடுப்பவர்களுடையது, அவர்களோடு வாதாட வேண்டாம். துளை புதிது என்றால் ஸ்கேனுக்கு முந்தின நாளே குத்தியவரிடம் போய், கண்ணாடியில் செய்த தற்காலிகத் தண்டு மாட்டிக்கொள்ளலாம். புதுத் துளை சில நிமிடத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். வேலைக்குப் போகும்போது கழற்றிவிட்டு இரவில் மாட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்: ஆறும் வரை அது நடக்காது. தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் தட்டையான முனை போட்டு மறைத்துக்கொள்ளலாம்.

தொப்புள்ல போட்டது வரவர மேலே வர்ற மாதிரி இருக்கு. கண்ணுக்குப் பிரமையா?

பிரமையாக இல்லாமல் இருக்கலாம். உடல் நகையை அந்நியப் பொருளாக நினைத்து மெல்ல வெளியே தள்ளுவது உண்டு. தொப்புளிலும் புருவத்திலும் அதிகம். இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தோல் மெலிந்து பளபளக்கும், அடியில் தண்டு நிழலாகத் தெரியும், வெளியே தெரியும் தண்டின் நீளம் கூடும். வாரம் ஒரு முறை ஒரே கோணத்தில் போட்டோ எடுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

நகருகிறது என்று உறுதியானால், கிருமி பிடித்த துளைக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் நல்லது. தானாக அறுத்துக்கொண்டு வெளியே வரும் வரை விட்டால் நீளக் கோடாகத் தழும்பு நிற்கும். குத்தியவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். தழும்பு நன்றாக இளகிய பிறகு, போதுமான சதை இருந்தால், கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் மறுபடி குத்த முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.